சத்து மாத்திரையால் இரத்தம் ஏறாதபோது: புற்றுநோயும் இரும்புச்சத்துக் குறைவும்

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மூன்று மாதமாகச் சத்து மாத்திரை கொடுக்கிறோம். முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம் எதையும் விடவில்லை. அப்படியும் இரத்தம் ஏறவில்லையே, ஏன்?" கேட்பவரின் குரலில், தாம் சரியாகக் கவனித்துக்கொள்ளவில்லையோ என்ற குற்றவுணர்வும் கலந்திருக்கும். அந்தக் குற்றவுணர்வு தேவையற்றது. பெரும்பாலும் குறை கவனிப்பில் இல்லை. மாத்திரையிலுள்ள இரும்பு இரத்தத்தைச் சென்றடையும் வழியே அடைபட்டிருக்கிறது.

நம் மாவட்டத்தில் இந்தச் சிக்கல் புற்றுநோயுடன்தான் தொடங்குகிறது என்றும் சொல்ல முடியாது. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே நோய் வரும்போதே பலரிடம் இரும்பின் இருப்பு குறைவு. அதன் மேல், கருப்பை வாய்ப் புற்றுநோயில் மாதக்கணக்கில் இரத்தம் போகிறது. இரைப்பையிலோ பெருங்குடலிலோ கட்டி இருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசிகிறது. வாய்ப் புற்றுநோய் உள்ளவரால் உணவை மெல்ல இயலாது. இரைப்பையை அறுவை செய்து நீக்கியவருக்கு, இரும்பைக் கரைத்துக் கொடுக்கும் அமிலமே இல்லாமற் போகிறது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் சுமார் 1,500 புற்றுநோயாளிகளைப் பரிசோதித்து 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 42 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோருக்கு இரும்புக் குறைவு காணப்பட்டது. இரத்தசோகை இருந்தவர்கள் 33 விழுக்காட்டினரே. அதாவது, ஹீமோகுளோபின் இன்னும் குறையாத நிலையிலும் இரும்புக் குறைவு இருக்கக்கூடும், களைப்பும் இருக்கக்கூடும்.

களைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளிமலை, சேராப்பட்டு, கரியாலூர்ப் பக்கங்களிலிருந்து வரும் பெரியவர்களிடம் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "இருக்கேன் சார்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். மேலும் துருவிக் கேட்டால்தான், வீட்டிலிருந்து மேட்டுக்காட்டுக்கு ஏறுவதற்குள் நான்கு இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது, குடம் தூக்கினால் நெஞ்சு படபடக்கிறது என்பதெல்லாம் வெளிவரும். "இந்த நோய்க்கு அப்படித்தான் இருக்கும்" என்று அவர்களும் எண்ணிவிடுகிறார்கள். மருத்துவர்களாகிய நாங்களும் சில வேளைகளில் அப்படியே எண்ணிவிடுவதுண்டு. இது எங்கள் பக்கத்துப் பிழை. களைப்புக்குப் பல காரணங்கள் உண்டு என்றாலும், எளிதில் சரிசெய்யக்கூடியவற்றுள் இரும்புக் குறைவு முதன்மையானது. அதைக் கவனியாது விட்டால், ஹீமோகுளோபின் குறைந்து அடுத்த கீமோ தள்ளிப்போகலாம். அறுவைச் சிகிச்சையின்போது இரத்தம் ஏற்றும் தேவை கூடும். கதிர்வீச்சும், பிராணவாயு குறைந்த கட்டியில் அத்தனை வலுவாகச் செயல்படுவதில்லை.

இனி, மாத்திரை ஏன் பயன்படவில்லை என்பதைப் பார்ப்போம். நம் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. புதிய சிவப்பணுக்களை உருவாக்க எலும்பு மஜ்ஜைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் தேவை. உணவிலிருந்து உடல் ஏற்பதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதி முழுவதும், ஆயுள் முடிந்த பழைய சிவப்பணுக்களைச் சிதைத்து மீட்கப்படும் இரும்பு. இந்தக் கொடுக்கல் வாங்கலைக் கட்டுப்படுத்துவது, கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் பொருள். கிருமித் தொற்றோ அழற்சியோ ஏற்பட்டால் ஹெப்சிடின் பெருகும். கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காதபடி உடல் தன் கிடங்கைப் பூட்டிவிடும். சில நாள் காய்ச்சலுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் புற்றுநோயில் அழற்சி மாதக்கணக்கில் நீடிப்பதால், பூட்டும் திறக்கப்படுவதில்லை. குதிரில் நெல் இருக்கிறது, உலையில் அரிசி இல்லை என்ற நிலை. குடலின் வாயிலையும் இதே ஹெப்சிடின் அடைத்துவிடுவதால், விழுங்கிய மாத்திரையின் இரும்பு பெருமளவு மலத்தோடு வெளியேறுகிறது. மிஞ்சுவது வயிற்றெரிச்சலும் மலச்சிக்கலுமே.

ஆகையால், ஹீமோகுளோபின் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்வதற்கில்லை. இரண்டு பரிசோதனைகள் வேண்டும். ஃபெரிட்டின், கிடங்கில் உள்ள இருப்பைக் காட்டுவது. டிரான்ஸ்ஃபெரின் செறிவு, இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இரும்பைக் காட்டுவது. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயரும் என்பதால், புற்றுநோயாளியின் ஆய்வக அறிக்கையில் "இயல்பு" என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப இயலாது. மற்றவர்களுக்கு 30 நானோகிராமுக்குக் கீழ் என்றால் குறைவு உறுதி. புற்றுநோயாளிக்கு 100க்குக் கீழ் இருந்தாலே குறைவு என்று கொள்கிறோம். ஃபெரிட்டின் 250 என்றிருந்து, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தால், பொருள் இருந்தும் பூட்டிக் கிடக்கிறது என்று பொருள்.

அழற்சி இல்லாமல், இருப்பு மட்டும் குறைந்தவர்களுக்கு மாத்திரையே போதும். அவர்களுக்கும் நாளுக்கு இரண்டு, மூன்று என்று கூட்டிக் கொடுப்பதால் பயன் இல்லை. ஒரு மாத்திரை உட்சென்றதும் ஹெப்சிடின் ஒரு நாள் அளவுக்கு உயர்ந்துவிடும். ஆகவே ஒன்றுவிட்டு ஒரு நாள் கொடுப்பதே பலருக்கு ஏற்றது, வயிறும் தாங்கும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீர், காப்பி வேண்டாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வது நன்று.

மற்றவர்களுக்கு இரும்பை நரம்பு வழியாகச் செலுத்துகிறோம். இது புதுமையான சிகிச்சை அன்று. சோகையுள்ள கர்ப்பிணித் தாய்மார்களுக்கு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பல ஆண்டுகளாக இரும்புச்சத்து ஊசி மருந்து ட்ரிப்ஸில் ஏற்றப்படுகிறது. நம் பகுதிக்குத் தனியாகக் கருத வேண்டியது பயணம். இரும்பு சுக்ரோஸ் என்ற மருந்தை ஒரு முறைக்கு 200 மில்லிகிராம் அளவில் தருவது வழக்கம். 1,000 மில்லிகிராம் தேவைப்படுபவர் ஐந்து முறை வர வேண்டும். ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற மருந்தில் 1,000 மில்லிகிராம் வரை ஒரே அமர்வில், பதினைந்து நிமிடங்களில் செலுத்த முடியும்; எடை குறைந்தவருக்கு அளவு குறையும். பின்னது விலை கூடியது. ஆனால் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கி, துணைக்கு ஒருவரின் ஒரு நாள் கூலியையும் இழந்து, ஐந்து முறை வந்து போகும் செலவைக் கணக்கிட்டால் எது மலிவு என்பது மாறிவிடும். எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேருந்து மாறுகிறீர்கள் என்று நாங்கள் கேட்பது சிகிச்சையின் ஒரு பகுதியே, கூச்சமின்றிச் சொல்லுங்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய சில கீமோ மருந்துகள் தரும் நாளில் மட்டும் இரும்பைத் தவிர்ப்போம். பிற மருந்துகளாயின், இரண்டையும் ஒரே வருகையில் முடிக்க முயல்வோம்.

மருந்து ஏறும்போது சிலருக்கு முகம் சிவந்து, நெஞ்சு இறுகுவது போலத் தோன்றும். நிறுத்தினால் சில நிமிடங்களில் தணியும். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. எனினும் அதற்காகவே, முடிந்த பின்னும் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம். பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட வேண்டாம். ஊசி குத்திய இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே செவிலியரிடம் கூறுங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை நெடுநாள் நிற்கும். பின்னர் சில வாரங்களில் எலும்பு வலியும் தளர்ச்சியும் கூடினால் பாஸ்பேட் அளவைப் பார்க்க வேண்டும்.

"இரும்பு கொடுத்தால் கட்டி வளர்ந்துவிடாதா?" என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. புற்றுநோயாளிகளுக்கு நரம்பு வழி இரும்பு கொடுத்து நடத்தப்பட்ட ஆய்வுகளில் அவ்வாறு காணப்படவில்லை. ஆயினும், குறைவு இருப்பது பரிசோதனையில் தெரிந்தவருக்கு மட்டுமே, தேவையான அளவே தருகிறோம். "பலத்துக்கு ஒன்று போடுங்கள்" என்று எங்கும் கேட்டு வாங்க வேண்டாம்.

இரத்தம் ஏற்றுவது வேறு. மூச்சுத் திணறலோடு, மிகக் குறைந்த ஹீமோகுளோபினுடன் வருபவருக்குக் காத்திருக்க நேரமில்லை. ஒரு யூனிட் ஏற்றினால் சுமார் 1 கிராம் உயரும். இரும்பு அப்படி உடனே காட்டாது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் பொறுக்க வேண்டும். ஃபெரிட்டினை நான்கு வாரங்களுக்குள் மறுபடி பார்த்தால் பொய்யான உயர்வையே காட்டும்.

உணவைப் பற்றி ஒரு சொல். பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் தொடர்பில்லை. நூறு கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட அதில் இல்லை. கேழ்வரகும் கீரையும் நல்லவை. ஆட்டு ஈரலும் மீனும் உண்போருக்கு அவற்றின் இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். ஆனால் அடைபட்ட வாயிலை எந்தக் கீரையும் திறக்காது. நாக்கில் சுவையற்றவரைக் கீரை தின்னும்படி வற்புறுத்தி வீட்டில் மனத்தாங்கல் வளர்க்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் இது தொடர்புடையது. ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புக் குறைவு தெரிந்தால், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்ததோடு நிறுத்திவிடக் கூடாது. இரைப்பையையும் பெருங்குடலையும் பரிசோதிக்க வேண்டும். மாத்திரையால் மலம் கறுக்கும், அது இயல்பு. தாரைப் போல் பளபளத்து ஒட்டிக்கொண்டு கடும் நாற்றத்துடன் போனால், அது இரத்தக் கசிவாக இருக்கலாம். அன்றே வர வேண்டும்.

இரும்பு ஏற்றுவதற்கென்று வரும் நாளில் பழைய அறிக்கைகள் அனைத்தையும், தற்போது உண்ணும் மாத்திரை அட்டைகளையும் கொண்டுவாருங்கள். காலையில் காய்ச்சலோ குளிரோ இருந்தால் இரும்பு செலுத்த மாட்டோம்; தொற்று அடங்கிய பின்னரே தருவோம். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அதுவே அவசரம். இரும்புக்குக் குறித்த நாளுக்காகக் காத்திராமல், மலையிலிருந்தே எங்களைத் தொலைபேசியில் அழைத்துவிட்டுப் புறப்படுங்கள்.