நிலத்தின் பொறை

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறினார் வள்ளுவர். அவ்வதிகாரத்தை மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் கற்பித்து வருகிறேன். வெட்டினும் உழினும் சினவாது விளைவு தருவது நிலம் என உரை கூறி, அவ்வளவில் அமைவதே என் வழக்கம். சென்ற தவணையில் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, நஞ்சை ஊற்றினாலும் நிலம் பொறுக்குமோ?" என வினவினாள். "நாளை கூறுவேன், பிள்ளை" என்றேன். அன்று மாலை விஞ்ஞான ஆசிரியராகிய நண்பரை அணுகினேன். அவர் எடுத்துரைத்தது யப்பான் நாட்டு வரலாறொன்று.

தோயாமா மாகாணத்து நெல்வயல்களுக்கு நீரளிப்பது ஜின்சூ ஆறு. அதன் மேற்புறத்தே கமியோக்காச் சுரங்கத்தில் துத்தநாகத் தாது அகழப்பெற்றது. அத்தாதோடு கலந்திருப்பது கட்மியம் என்னும் பார உலோகம். கழிவோடு அஃது ஆற்றில் இறங்கிற்று. ஆற்றுநீரோடு வயலில் ஏறிற்று. வயலினின்று நெல்லுட் புகுந்தது. அச்சோற்றை உண்டும் அந்நீரைப் பருகியும் வாழ்ந்தோருள், மக்கள் பலரைப் பெற்று நடுவயது கடந்த பெண்களே பெரிதும் நோயுற்றனர். கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்க, என்புகள் வலியிழந்தன, இருமினாலே முறிந்தன. "இத்தாய், இத்தாய்" என அவர்கள் அரற்றினர். "நோகிறது, நோகிறது" என்பது அதன் பொருள். அவ்வரற்றலே நோய்க்கும் பெயராயிற்று.

1968 இலேதான் இந்நோய் சுரங்க மாசினால் விளைந்ததென அரசு ஏற்றது. அவ்வாண்டே சுரங்கக் கம்பனிமீது வழக்குத் தொடுத்த மக்கள் 1971 இலும், மேன்முறையீட்டில் 1972 இலும் வென்றனர். எனினும், தீர்ப்பினால் வயல் தூய்மையடைந்துவிடுமா? இலை மக்கும், சாணம் எருவாகும், உலோகமோ மக்குவதில்லை. ஆதலின் நஞ்சேறிய மேல்மண்ணைக் கீழே புதைத்து, அதன்மேல் நன்மண் பரப்ப வேண்டியதாயிற்று. 1979 இல் தொடங்கிய அப்பணி 2012 இலேதான் நிறைவெய்திற்று. சீர்செய்த நிலம் ஏறத்தாழ 860 எக்டேயர்.

சுரங்கமில்லா ஊர்க்கும் இதிற் பாடமுண்டு. பொசுபேற்று உரங்களிலும் கட்மியம் சிறிதளவு உண்டு. ஆண்டாண்டாக அவ்வுரம் இடும் புல்வெளிகளில் அது சேர்ந்து, மேயும் விலங்கின் சிறுநீரகத்திலே தங்குகிறது. பழுதான மின்கலங்களைத் தோட்டத்து மூலையில் எறிவாரும் நம்மிடையே உளர்.

மறுநாள் வகுப்பில் இவற்றைக் கூறி, என் உரையையும் திருத்திக்கொண்டேன். "நிலம் பொறுக்கும், பிள்ளை, ஆனால் பெற்றதை நெல்லில் வைத்து நமக்கே தரும். வள்ளுவர் உவமை பொறுப்பாரின் பெருமையைக் கூற வந்தது, அகழ்வார்க்கு உரிமை வழங்க வந்ததன்று" என்றேன். அம்மாணவி அதனைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டாள். யானும் என் பழைய உரைக்குறிப்பின் ஓரத்தில் எழுதி வைத்துள்ளேன்.