மீத்திறன் இளைஞரும் சேவைவழிக் கற்றலும்

தேர்வில் முதலிடம் பெறும் மாணவன் ஒருவனிடம், பிணியுற்ற அயலாரைச் சென்று கவனித்து வா என்றால், சிலவேளை அவன் தயங்கி நிற்பதைக் காண்கிறோம். அதனை அன்பின்மை என்று எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். உதவும் விருப்பம் அவனிடம் இருக்கலாம்; உதவத் தன்னால் இயலும் என்னும் நம்பிக்கையே குறைவுபட்டிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவது வாலிபரிடையே பணிபுரியும் ஆயர்களுக்கு இன்றியமையாதது.

இத்தகைய நம்பிக்கையை ஆராய்ந்தவர் ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலறிஞர். 1977இல் வெளியிட்ட கட்டுரையில், அது நான்கு ஊற்றுகளிலிருந்து பிறப்பதாக அவர் விளக்கினார். தானே செய்து பெற்ற வெற்றி, பிறர் செய்து வெல்வதைக் காணுதல், பிறர் கூறும் ஊக்கமொழி, உடலிலும் உள்ளத்திலும் எழும் உணர்ச்சிநிலை என்பன அவை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது. மேலும், இந்நம்பிக்கை செயலுக்குச் செயல் வேறுபடும். கணக்கில் உள்ள துணிவு, முதியவர் ஒருவரின் துயரைக் கேட்டிருக்கும் துணிவாகத் தானே மாறிவிடாது.

மீத்திறன் பெற்றோர்க்கு இங்கே தனி இடர் ஒன்றுண்டு. கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அறிவுக்காகப் புகழப்பட்ட சிறுவர், முயற்சிக்காகப் புகழப்பட்டவரைக் காட்டிலும், தோல்விக்குப் பின் விரைவில் சோர்ந்தனர். தோற்றறியாத பிள்ளைக்குப் பிறர்க்கு உதவும் பணியில் நேரும் முதல் தோல்வி பேரிடியாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இதற்கு ஏற்ற வழிகளுள் ஒன்றே சேவைவழிக் கற்றல். மக்களின் உண்மையான தேவையை அவர்களோடு கலந்து அறிதல், அதற்கெனப் பணிசெய்தல், செய்ததை எண்ணிப் பார்த்தல் ஆகிய மூன்றும் இதில் இணைந்துள்ளன. எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்பதை ஜான் டூயி 1938இலேயே எடுத்துக்காட்டினார். நம் நாட்டில் 1969 செப்டம்பர் 24ஆம் நாள் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், பின்னர் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. தொண்டர் ஒருவர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் பணிபுரிய வேண்டும் என்பது அதன் நெறி. நீண்ட காலம் பணியாற்றினால்தான் தவறவும், திருத்திக்கொள்ளவும், மீண்டும் முயலவும் இடமுண்டு. ஒருநாள் விருந்தாகச் சென்று திரும்புவோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

நாம் முன்னர் பொறுப்பேற்றிருந்த வாலிபர் குழுவில், அறிவிற் சிறந்த மாணவி ஒருத்தி மாலை வகுப்பில் கழித்தற் கணக்குக் கற்பித்தாள். முதல் வாரம் சிறுவர் எவருக்கும் விளங்கவில்லை. “இவர்களுக்கு ஏறாது, ஐயா” என்று கூறி அழுதாள். “நீ கெட்டிக்காரி, உன்னால் முடியும்” என்றோம். அது நாம் செய்த பிழை. அச்சொல் அவள் சுமையைக் கூட்டிற்று. குழுவிலிருந்த மூத்த அக்காள் ஒருவரே அவளை ஒரு சிறுவன் அருகே அமர்த்தி, அவன் எவ்வாறு எண்ணுகிறான் என்று கேட்கச் செய்தார். தாயோடு கீரை விற்கும் அவன், மீதிச் சில்லறையை மனக்கணக்காகவே சொன்னான். மறுநாள் அவள் சில்லறையிலிருந்து பாடத்தைத் தொடங்கினாள். சில மாதங்களில் பிள்ளைகள் கணக்குப் போட்டனர். ‘எனக்கு எல்லாம் தெரியும்’ என்றிருந்தவள், ‘கேட்டறிந்தால் என்னால் உதவ முடியும்’ என்னும் உறுதிக்கு வந்தாள்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சில. மீத்திறன் பிள்ளைகளுக்குச் சிறிதாயினும் மெய்யான பொறுப்பைக் கொடுப்போம். பல மாதங்கள் அதில் நிலைக்கச் செய்வோம். அனுபவமுள்ள ஒருவரை அருகில் வைப்போம். வாரந்தோறும், என்ன முயன்றாய், என்ன நேர்ந்தது, அவர்களிடம் என்ன கற்றாய் என்று கேட்போம். மேடையில் நிறுத்திப் புகழ்வதை அடக்கிக்கொள்வோம். யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், பேதுரு தன் கால்கள் கழுவப்பட முதலில் இசையவில்லை. பெற்றுக்கொள்ள இசைந்த பின்னரே, பிறர் கால்களைக் கழுவும் கடமை அவனுக்கும் மற்றச் சீடருக்கும் உரைக்கப்படுகிறது. நம் வாலிபர் உதவி செய்யும் இடத்திலேயே உதவி பெறவும் கற்பார்களாக.