கிறித்தவத்தில் உண்மையான மேன்மை

கிறித்தவ நம்பிக்கையின்படி உண்மையான மேன்மை குலம், செல்வம், பதவி, புகழ் ஆகியவற்றால் வருவதன்று. பிறருக்குப் பணிவிடை செய்வதற்காகத் தன் இடத்தைவிட்டு இறங்குவதால் வருவது. இக்கருத்து நான்கு நற்செய்திகளிலும் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் இது சாதியோடு நேருக்கு நேர் மோத வேண்டியிருந்தது. அந்த மோதலில் திருச்சபை சில இடங்களில் தோற்றது; சில இடங்களில் தனிமனிதர்கள் இப்போதனையை வாழ்ந்து காட்டினர்.

நற்செய்திகளில்

யார் பெரியவர் என்ற கேள்வியைச் சீடர்களே எழுப்புகின்றனர். மாற்கு நற்செய்தியின்படி, கப்பர்நாகூமுக்குச் செல்லும் வழியில் அவர்கள் இதைப்பற்றித் தங்களுக்குள் வாதாடுகின்றனர். இயேசு ஒரு சிறுபிள்ளையை அவர்கள் நடுவில் நிறுத்துகிறார். இங்கே குழந்தையைக் கள்ளங்கபடமற்ற தன்மையின் அடையாளமாக மட்டும் கொள்வது பொதுவான வழக்கம். ஆனால் அக்காலச் சமூகத்தில் குழந்தைக்கு எந்த மதிப்பும் உரிமையும் இல்லை என்பதே இக்காட்சியின் வலு. பிறகு செபதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்புறமும் இடப்புறமும் அமரும் உரிமையைக் கேட்கின்றனர். மத்தேயு நற்செய்தியில் இக்கோரிக்கையை வைப்பவர் அவர்களுடைய தாய். மற்ற பத்துச் சீடர்களும் இதைக் கேட்டுக் கோபப்படுகின்றனர்; அவர்களுக்கும் அந்த இடங்களில் ஆசை இருந்திருக்க வேண்டும்.

பெரியவராக விரும்புவது தவறு என்று இயேசு சொல்லவில்லை. அந்த விருப்பத்தின் திசையைத்தான் அவர் மாற்றுகிறார். பெரியவராக விரும்புபவர் பணியாளராகவும், முதல்வராக விரும்புபவர் அடிமையாகவும் இருக்க வேண்டும் என்கிறார். மூல மொழியான கிரேக்கத்தில் இங்கு வரும் சொற்கள் டியாகோனோஸ், டூலோஸ். முதலாவது பந்தியில் பரிமாறுபவர் போன்ற ஏவலரைக் குறிக்கும். இரண்டாவது விலைக்கு வாங்கப்பட்ட அடிமையைக் குறிக்கும். லூக்கா இதை வயதோடு இணைத்துச் சொல்கிறார்: மூத்தவர் இளையவரைப் போல ஆக வேண்டும். தமிழகத்தில் ஒருவர் இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டது பின்னர் கூறப்படும்.

தமிழில் இப்போதனையை மொழிபெயர்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. ‘பெருமை’ என்ற சொல் மேன்மையையும் குறிக்கும், செருக்கையும் குறிக்கும். ஆயினும் பெரியவரையும் தொண்டரையும் ஒன்றாகக் காண்பது தமிழுக்குப் புதிதன்று. சேக்கிழாரின் பெரியபுராணத்திற்குத் திருத்தொண்டர் புராணம் என்பது மறுபெயர். கத்தோலிக்கத் திருச்சபையும் டியாகோனோஸ் என்பதிலிருந்து வந்த பட்டத்தைத் தமிழில் ‘திருத்தொண்டர்’ என்றே வழங்குகிறது.

பாதம் கழுவுதல்

யோவான் நற்செய்தியில் இப்போதனை சொல்லாக வராமல் செயலாக வருகிறது. இராவுணவின்போது இயேசு எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவுகிறார். அது வீட்டு ஏவலர்களில் கடைநிலையில் இருப்பவர் செய்யும் வேலை. பேதுரு வெட்கப்பட்டு மறுப்பதிலிருந்தே அச்செயல் எவ்வளவு முறைகேடாகத் தோன்றியது என்பது தெரிகிறது.

கத்தோலிக்க ஆலயங்களில் பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் இது சடங்காக நிகழ்த்தப்படுகிறது. சென்னைக் கோடம்பாக்கம் நடிகர்களின் ஆளுயரத்தைப் பல மடங்கு தாண்டிய கட்-அவுட்களுக்குப் பேர்போன திரைத்துறையின் மறுபெயர். அதே கோடம்பாக்கத்தில் பாத்திமா அன்னை ஆலயமும் உள்ளது. அங்கும் மற்றக் கத்தோலிக்கப் பங்குகளிலும் இச்சடங்கின்போது குருவானவர் குனிந்து, மக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் சிறார் சிறையொன்றில் பெண்கள் உள்ளிட்டோரின் பாதங்களைக் கழுவினார். 2016 சனவரியில் விதியே மாற்றப்பட்டுப் பெண்களுக்கும் இடம் அளிக்கப்பட்டது.

சடங்கில் குனிவது ஆண்டுக்கு ஒரு நாள். யாருடன் உண்பது, யார் அருகில் அமர்வது என்பவை நாள்தோறும் வரும் கேள்விகள். முதல் நூற்றாண்டிலேயே கொரிந்து நகரச் சபையில் வசதி படைத்தோர் முன்னதாக உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு நின்றனர். பவுல் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

வடக்கன்குளம்

தமிழகத்தில் இக்கேள்வி சுவராகவே எழுந்து நின்றது. திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயத்தில் வெள்ளாளர் உள்ளிட்டோருக்கு ஒரு கூடமும் நாடார்களுக்கு மற்றொரு கூடமும் இருந்தன. இரண்டும் பலிபீடத்தருகே சந்தித்தன, இடையில் சுவர். ஒரே திருப்பலியில் பங்கேற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லாதபடி அமைந்த கட்டடம் அது. 1910ஆம் ஆண்டளவில் சுவர் அகற்றப்பட்டது. பிரிவினையைத் தங்கள் உரிமையாகக் கோரியவர்கள் வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர் நீதிமன்றம்வரை சென்றும் அவர்களுடைய கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். நட்டாலத்தில் பிறந்த அவர், சாதி வேறுபாடு பாராமல் எல்லோருடனும் பழகினார். கைது செய்யப்பட்டு நெடுநாள் துன்புறுத்தப்பட்ட அவர், 1752 சனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. அதற்கு முன்பு, ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரோடு அவரை அழைப்பது அவர் வாழ்ந்த வாழ்வுக்கே முரண் என்று எதிர்ப்பு எழுந்ததால் வத்திக்கான் அப்பெயரை நீக்கியது. அவர் இறந்து 270 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பணிவு பற்றிய இப்போதனை தவறாகப் பயன்பட்டதும் உண்டு. ஏற்கெனவே குனிய வைக்கப்பட்டவர்களிடம் ‘பணிந்து போங்கள்’ என்று உபதேசிப்பது எளிது. நற்செய்தியில் இவ்வார்த்தைகள் உயர்ந்த இருக்கை கேட்டவர்களிடம் சொல்லப்பட்டவை என்பது அப்போது மறக்கப்படுகிறது.

பெரியண்ணனும் சின்னண்ணனும்

1921இல் திருப்பத்தூரில் தொடங்கப்பட்ட கிறிஸ்துகுல ஆசிரமம் சீர்திருத்தத் திருச்சபையினரின் ஆசிரம முயற்சிகளில் தமிழகத்தில் முன்னோடியானது. இதை நிறுவியவர்கள் இரு மருத்துவர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் யேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். கம்பளி நூல் தொழிலில் பெயர்பெற்ற செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, எளிய உணவு உண்டு, நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தனர். ஆசிரமத்தின் வழிபாட்டுக் கூடம் ஐரோப்பியப் பாணியைத் தவிர்த்துத் திராவிடக் கோயிற்கலை முறையில் கட்டப்பட்டது.

அங்கே யேசுதாசன் ‘பெரியண்ணன்’ என்றும் பேட்டன் ‘சின்னண்ணன்’ என்றும் அழைக்கப்பட்டனர். யேசுதாசன் வயதில் மூத்தவர்தான். ஆனால் அது வெள்ளையர் ஆட்சிக் காலம். மிஷன்களில் பணமும் அதிகாரமும் வெள்ளையரிடம் இருந்தன. இந்தியர் அவர்களுக்குக் கீழே வேலை செய்தனர். குடும்பச் செல்வத்தைக் கொண்டுவந்த வெள்ளையர் ஒரு தமிழருக்குத் தம்பியாக இருந்தது அன்றைய வரிசைமுறையைத் தலைகீழாக்கியது.

இதற்கு விலையும் இருந்தது. 1932இல், சட்டமறுப்பு இயக்கத்தின்போது, சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடையில் நின்றிருந்த பேட்டனைக் காவலர்கள் அடித்து, அவர்மீது வண்ண நீரைப் பீய்ச்சிக் கைது செய்தனர். தாக்கப்பட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் இலண்டன் நாடாளுமன்றம்வரை கேள்வி எழுந்தது. அவர்மீதான வழக்கும் கைவிடப்பட்டது. அதே மறியல்களில் அடிபட்ட தமிழ்த் தொண்டர்களுக்கு அத்தகைய கவனம் கிடைக்கவில்லை. பேட்டன் திருப்பத்தூருக்குத் திரும்பித் தம் பணியைத் தொடர்ந்தார். யேசுதாசன் 1969இலும் பேட்டன் அதற்கடுத்த ஆண்டிலும் காலமாயினர்.