சாஃப்ட்வேர் மாநாட்டுக்கு ஆபீஸ்ல அனுப்புறாங்களா? ஒரே ஒரு கேள்வியோட போங்க!

காலை எட்டரை மணிக்கு வேலப்பன்சாவடி ஸ்டாப்பிங்கில் நின்றால் கம்பெனி வேன்களாகத்தான் கண்ணில் படும். சில அம்பத்தூர் எஸ்டேட் பக்கம், சில பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கம். ஐடி கார்டோடு காத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் அவங்க கம்பெனியின் 'ஈஆர்பி ஆள்' ஆக இருப்பார். ஸ்டாக் கணக்கு இடிக்குதா, இன்வாய்ஸ் பிரிண்ட் வரலையா, எல்லாத்துக்கும் அவருக்குத்தான் போன்.

அவரை ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "ஏதோ பெரிய சாஃப்ட்வேர் மாநாடாம், போய்ப் பார்த்துட்டு வாப்பா" என்பார். போனவர் பை, பேனா, டி-ஷர்ட், நாலு செல்ஃபியோடு திரும்புவார். மறுநாள் முதலாளி கேட்பார்: "சரி, இப்ப நாம என்ன பண்ணணும்?"

அதுக்குப் பதில் இல்லைன்னா என்ன ஆகிடும் என்று நினைக்கலாம். இப்போ கொஞ்சம் பெரிய விஷயம்தான்.

2027 நெருங்குது

பெரிய தொழிற்சாலைகள் பல பயன்படுத்தும் எஸ்ஏபியின் பழைய ஈஆர்பி, 'இசிசி'. அதற்கான வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. முதலில் 2025 என்றுதான் இருந்தது. 2020 பிப்ரவரியில் இரண்டு வருஷம் தள்ளி வைத்தார்கள். கூடுதலாகப் பணம் கட்டினால் 2030 வரை ஓட்டலாம். அதற்குள் புதிய 'எஸ்/4ஹானா'வுக்கு மாறுவதா, வேறு சாஃப்ட்வேருக்குப் போவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். இந்த மாதிரி முடிவுகள் பாதி உருவாவது மாநாடுகளில்தான்.

தப்பா முடிவெடுத்தால்? ஜெர்மனியின் சூப்பர் மார்க்கெட் நிறுவனமான லிட்ல், ஏழு வருஷம் வேலை பார்த்து, சுமார் 50 கோடி யூரோ செலவழித்த பிறகு, 2018-ல் தன் எஸ்ஏபி திட்டத்தையே கைவிட்டது. அப்போது வந்த செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்ட காரணம் ஒன்று: லிட்ல் தன் சரக்கை வாங்கிய விலையில் கணக்கு வைத்தது, சாஃப்ட்வேரோ விற்பனை விலையில் வைத்தது. பழைய வழக்கத்தை விட மனசில்லாமல் சாஃப்ட்வேரை வளைத்துக்கொண்டே போனார்கள். 'நம்ம கணக்கு முறை இதுல அப்படியே வருமா?' இவ்வளவுதான் கேள்வி. கேட்க வேண்டியது முதல் நாளில்.

மேடைப் பேச்சை வீட்டிலேயே பார்க்கலாம்

வேலப்பன்சாவடியில் இருப்பவர்களுக்குப் பெரிய மாநாடு என்றால் ரெண்டு திசை. ஒன்று, நந்தம்பாக்கம் டிரேட் சென்டர். தமிழ்நாடு அரசின் 'உமாஜின்' தொழில்நுட்ப மாநாடு 2023 மார்ச்சில் நடந்தது அங்கேதான். இன்னொன்று, வீட்டு வாசலில் ஓடும் இதே நெடுஞ்சாலை போய்ச் சேரும் பெங்களூரு. எஸ்ஏபி தன் 'டெக்எட்' மாநாட்டை 2023 நவம்பரில் நடத்தியது அங்கே.

எங்கே போனாலும் நிறைய பேர் செய்கிற தப்பு ஒண்ணுதான். அட்டவணையைப் பார்த்து ஒரு ஹாலிலிருந்து இன்னொரு ஹாலுக்கு ஓடி, ஸ்லைடைப் போட்டோ எடுப்பது. டெக்எட், அமேசானின் 'ரீ:இன்வென்ட்' போன்ற மாநாடுகளின் உரைகள் பெரும்பாலும் பிறகு இணையத்தில் இலவசமாக வந்துவிடுகின்றன. வீடியோவில் வராதது ஸ்டாலில் நிற்கும் ஆட்களும், சாப்பாட்டு க்யூவில் உங்களுக்கு முன்னால் நிற்பவரும்தான். (நானும் என் முதல் மாநாட்டில் இருநூறு போட்டோ எடுத்தேன். இன்னிக்கு வரை ஒண்ணைக்கூடத் திறந்து பார்க்கல.)

எந்தக் கேள்வி?

கிளம்புறதுக்கு முந்தின நாள் ஸ்டோர்ஸ், அக்கவுன்ட்ஸ், டிஸ்பேட்ச் ஆட்களிடம் போய், "எந்த வேலையை இன்னும் எக்செல்ல தனியாப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேளுங்கள். வரும் பதிலில்தான் உங்கள் கேள்வி இருக்கும்.

உதாரணத்துக்கு ஒண்ணு. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்குக் கட்டாயம். அம்பத்தூரின் நடுத்தர யூனிட்கள் பல இதில் வந்துவிடும். ஒரு இ-இன்வாய்ஸை அந்தப் போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். அதுவும் முழுசாகத்தான், பாதியை மட்டும் ரத்து செய்ய முடியாது. அப்போ அனுப்பிய ஆயிரம் பீஸில் நாற்பதை கஸ்டமர் மூணு நாள் கழிச்சு ரிஜெக்ட் செய்தால்? கிரெடிட் நோட் போடணும், ஸ்டாக்கைத் திரும்ப ஏத்தணும், தரப் பரிசோதனைக்கும் அனுப்பணும்.

ஸ்டாலில் போய், "இதை இப்போ, என் கண் முன்னாடி செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். வழக்கமான டெமோவில் எந்தப் பொருளும் ரிஜெக்ட் ஆகாது, எந்த பில்லும் தப்பாப் போடப்படாது. நீங்க இதைக் கேட்டதும் சேல்ஸ் ஆள் பின்னாடி திரும்பி ஒரு இன்ஜினீயரைக் கூப்பிடுவார். நீங்க பேச வேண்டியது அவரிடம்தான். இங்கிலீஷ் தடுமாறுதேன்னு தயங்கவே வேண்டாம். சென்னை, பெங்களூரு ஸ்டால்களில் தமிழ் தெரிந்த இன்ஜினீயர் கிடைப்பது ஒண்ணும் கஷ்டமில்லை. தமிழிலேயே கேளுங்க.

பெரிய நிறுவனங்களின் உரைகளில் ஆரம்பத்திலேயே ஒரு ஸ்லைடு சட்டென்று வந்துபோகும், பொடி எழுத்தில். 'இனி வரப்போகும் வசதிகள் மாறலாம், இதை நம்பி வாங்கும் முடிவை எடுக்காதீர்கள்' என்பதுதான் அதன் சாரம். அவங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்! ஆகவே எந்த வசதியைக் காட்டினாலும் "இது இன்னிக்கு யார்கிட்ட ஓடுது?" என்று கேட்டுவிடுங்கள். பெயர் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குப் போகணும்னா, கஸ்டமர் கம்பெனிக்காரர் பேசும் செஷனுக்குப் போங்க. மேடையில் வெற்றிக்கதைதான் சொல்வார். இறங்கியதும் பிடித்து, "புது சிஸ்டம் ஆரம்பிச்ச முதல் வாரம் என்ன சார் உடைஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் பேசுவார்.

இன்னொரு விஷயம், பேட்ஜ் ஸ்கேன். ஸ்டாலில் டி-ஷர்ட்டுக்காக க்யூஆர் கோடை நீட்டினால், உங்க நம்பர் சேல்ஸ் டீமுக்குப் போய்விடும். பதிவு செய்யும்போதே ஆபீஸ் மெயிலையும் ஆபீஸ் நம்பரையும் கொடுத்துவிடுவது நல்லது.

அனுப்பவே மாட்டாங்க என்றால்?

பயனாளர் குழுக்கள் இருக்கின்றன. ஆரக்கிள் பயன்படுத்துபவர்களுக்கு அகில இந்தியக் குழு உண்டு, அதற்குச் சென்னைக் கிளையும் உண்டு. அவங்க ஆண்டு மாநாட்டுக்குப் பேரே 'சங்கம்'. எஸ்ஏபிக்கு 'இண்டஸ்' என்ற குழு. விற்பவர்கள் நடத்தும் மாநாட்டைவிட இங்கே புலம்பல் அதிகம். உங்களுக்குத் தேவையானதும் அதுதான்.

நந்தம்பாக்கத்திலிருந்து திரும்பும்போது மவுண்ட் - பூந்தமல்லி ரோட்டு டிராஃபிக்கில் எப்படியும் மாட்டுவீங்க. அந்த நேரத்திலேயே முதலாளிக்கு ஒரு பக்கம் எழுதிடுங்க. கேட்ட கேள்வி, யார் செய்து காட்டினார், யார் மழுப்பினார், அடுத்து யாருக்குப் போன் பண்ணணும். மறுநாள் காலையில் ஸ்டோர்ஸிலிருந்து முதல் போன் வருவதற்குள் அது அவர் டேபிளில் இருக்கட்டும்.