ஆபரேஷன் தழும்பு கறுத்துப்போச்சா? க்ரீம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

தைராய்டு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. தையல் பிரிச்சாச்சு, ரிப்போர்ட்டும் நார்மல். ஆனா, கழுத்தில் இருக்கிற அந்தக் கோடு மட்டும் மாசம் ஆக ஆகக் கறுத்துக்கிட்டே போகுது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரங்ககூட 'என்னம்மா ஆச்சு?'ன்னு விசாரிக்கிறாங்க. துப்பட்டாவால் மூடி மூடி அலுத்துப்போய், கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் 'தழும்பு போக ஏதாவது க்ரீம் கொடுங்க'ன்னு கேட்கிறோம். பிரச்னை ஆரம்பிக்கிறதே அங்கேதான்.

ஏன் நிறம் மாறுது?

காயம் ஆறும்போது அந்த இடத்தில் புதிய ரத்தக்குழாய்கள் வளரும். அதனால்தான் முதல் சில மாதங்கள் தழும்பு சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். கூடவே, காயத்தால் ஏற்படும் அழற்சி தோலின் நிறமி செல்களைத் தூண்டிவிடும். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இந்த செல்கள் மெலனினை அதிகமாகச் சுரக்கும். அதில் வெயிலும் பட்டால் கேட்கவே வேண்டாம்.

தழும்பு முழுசா முதிர ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகலாம். அதாவது, மூணாவது மாசம் கண்ணாடியில் பார்க்கிறது ஃபைனல் ரிசல்ட் இல்லை!

க்ரீமில் என்ன ஆபத்து?

நிறம் குறைய விற்கப்படும் சில க்ரீம்களில் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் சேர்ந்திருக்கும். இவை டாக்டர் சொல்லும் அளவில், சொல்லும் நாள் வரை மட்டும் பூச வேண்டியவை. ஆரம்பத்தில் நிறம் குறையும். 'சூப்பரா வேலை செய்யுதே'ன்னு மாசக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் வெளியே தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தியதும் மறுபடி கறுக்கலாம்.

எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அதைப் பூசிக்கிட்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகி, புதுசா ஒரு கறை விழும்.

என்ன செய்யலாம்?

* காயம் முழுசா ஆறின பிறகு, எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை தினமும் பூசுங்க. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசணும். துப்பட்டா, காலர் வைத்த சட்டையும் நல்ல பாதுகாப்புதான்.

* தையல் பிரித்து, காயம் மூடியதும் டாக்டரிடம் கேட்டு சிலிக்கான் ஜெல் அல்லது ஷீட் ஆரம்பிக்கலாம். இது தழும்பு தடிக்காமல் இருக்க உதவும். ஷீட் என்றால் தினமும் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு, மூன்று மாதங்கள் போட வேண்டியிருக்கும்.

* சில மாதங்கள் கழிந்தும் கருமை குறையலையா? தோல் மருத்துவரைப் பாருங்க. அசிலாயிக் ஆசிட் க்ரீம், லேசர் என வழிகள் இருக்கு. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் அதை முதலிலேயே சொல்லிடுங்க. சில க்ரீம்கள் உங்களுக்கு ஆகாது.

காத்திருக்கக் கூடாத நேரம்

தழும்பைச் சுற்றிச் சிவந்து சூடாக இருக்கு, சீழ் வருது, காய்ச்சல் அடிக்குதுன்னா அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்க. காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்ந்தால் அது கீலாய்டாக இருக்கலாம். அதற்கு ஊசி உள்ளிட்ட சிகிச்சைகள் இருக்கு. சீக்கிரம் காட்டுவது நல்லது.

எந்தத் தழும்பும் நூறு சதவிகிதம் மறையாது. ஆனா, வெயில் படாமப் பார்த்துக்கிட்டு, கண்ட க்ரீமையும் தடவாம இருந்தா, அடுத்த வருஷம் அதே கண்ணாடியில் அந்தக் கோட்டை நீங்களே தேட வேண்டியிருக்கலாம்!