எல்லோருக்கும் ஒரே கீமோ என்ற நிலை மாறியது எப்படி? மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் புது வழி காட்டிய ஆக்சல் உல்ரிச் யார்?

மார்பகப் புற்றுநோய் உறுதியானதும் கைக்கு வரும் பயாப்சி அறிக்கையில் மூன்று விஷயங்களை டாக்டர்கள் முதலில் தேடுவார்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2. முதல் இரண்டும் ஹார்மோன் சம்பந்தப்பட்டவை. மூன்றாவதான ஹெர்-2 'பாசிட்டிவ்' என்று வந்தால், சிகிச்சையே வேறு ரூட்டில் போகும்.

ஒரு காலத்தில் ஹெர்-2 பாசிட்டிவ் என்பது மோசமான செய்தி. கட்டி வேகமாக வளரும், சிகிச்சை முடிந்தாலும் திரும்பி வரும், உயிரிழப்பும் அதிகம். இன்றைக்கு நிலைமையே வேறு. குறிப்பாக ஆரம்ப கட்டத்தில் கண்டுபிடித்தால், நன்றாகக் கட்டுப்படுத்தக்கூடிய வகைகளில் ஒன்றாக இது மாறியிருக்கிறது.

இந்த மாற்றத்தின் தொடக்கத்தில் இருப்பவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியைச் சேர்ந்த மூலக்கூறு உயிரியலாளர் ஆக்சல் உல்ரிச். இவர் நோயாளிகளுக்கு சிகிச்சை கொடுக்கும் டாக்டர் இல்லை. ஆய்வகத்தில் மரபணுக்களைப் பிரித்துப் படிப்பதுதான் இவரது வேலை. அந்த வேலை எப்படி மருந்தாக மாறியது? அதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆனது? இந்தியாவில் அந்த மருந்தின் நிலை என்ன?

யார் இந்த ஆக்சல் உல்ரிச்?

1943ல் லாபன் என்ற ஊரில் பிறந்தவர் உல்ரிச். அப்போது ஜெர்மனியில் இருந்த அந்த ஊர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போலந்துடன் சேர்ந்துவிட்டது. டூபிங்கனில் உயிர்வேதியியல் படித்தார். 1975ல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்து நேராக அமெரிக்கா. சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

மரபணுவை வெட்டி, பாக்டீரியாவுக்குள் வைத்து நகல் எடுக்கும் தொழில்நுட்பம் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. 1977ல் எலியின் இன்சுலின் மரபணுவை அப்படி நகலெடுத்து சாதித்த குழுவில் உல்ரிச் முக்கியமானவர். பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மரபணு வழியாகவே மருந்து தயாரிக்க முடியும் என்ற நம்பிக்கையை இந்த ஆய்வு கூட்டியது.

அதன் பிறகு, ஜெனன்டெக் என்ற புதிய பயோடெக் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேதான் அவரது கவனம் சர்க்கரை நோயிலிருந்து புற்றுநோய் பக்கம் திரும்பியது.

ஹெர்-2 என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், அது செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஆன்டெனா. இப்படிப்பட்ட புரதங்களை 'ரிசெப்டர்' என்பார்கள், தமிழில் ஏற்பி. வெளியிலிருந்து வரும் 'வளர்', 'பிரி' போன்ற கட்டளைகளை இவை உள்ளே கடத்துகின்றன. தேவைப்படும்போது மட்டும் சிக்னல் போகும் வரை பிரச்சினை இல்லை. எந்நேரமும் சிக்னல் போய்க்கொண்டே இருந்தால் செல் நிற்காமல் பெருகும். அதுதானே புற்றுநோய்!

1984ல் உல்ரிச்சும் லண்டன், இஸ்ரேல் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். ஈ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பியும், கோழிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸின் மரபணுவும் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு கொண்டவை. அதாவது, நம் உடலில் இயல்பாக இருக்கும் வளர்ச்சி ஆன்டெனாவே கோளாறானால் புற்றுநோயைத் தூண்டும் என்பதற்கு நேரடி ஆதாரம் கிடைத்தது.

இதே போல வேறு ஏற்பிகள் இருக்கின்றனவா என்று உல்ரிச் குழு தேடியது. 1985ல் மனித மரபணுக்களில் ஒன்று சிக்கியது. மனித ஈ.ஜி.எஃப். ஏற்பியின் 'தம்பி' போல இருந்ததால் ஹெர்-2 என்று பெயர் வைத்தார்கள். எலிகளின் நரம்புக் கட்டியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஏற்கெனவே பார்த்திருந்த 'நியூ' என்ற மரபணுவின் மனித வடிவம்தான் இது என்பதும் தெரியவந்தது. அதே காலகட்டத்தில் வேறு சில ஆய்வகங்களும் இதே மரபணுவைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தன.

மரபணு கிடைத்துவிட்டது, நோய் எங்கே?

இங்கேதான் கதையில் டென்னிஸ் ஸ்லாமன் வருகிறார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் மருத்துவர் இவர். உல்ரிச்சிடம் மரபணு இருந்தது, எந்தப் புற்றுநோயில் அதற்குப் பங்கு என்று தெரியாது. ஸ்லாமனிடம் நோயாளிகளின் கட்டி மாதிரிகள் இருந்தன, எதைத் தேடுவது என்று தெரியாது. இரண்டையும் ஒன்று சேர்த்தார்கள்.

1987ல் முடிவு வெளியானது. சோதித்த 189 மார்பகக் கட்டிகளில் சுமார் 30 சதவீதத்தில் ஹெர்-2 மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. சாதாரண செல்லில் இரண்டே நகல் இருக்க வேண்டிய மரபணு, சில கட்டிகளில் 20 மடங்குக்கு மேல் இருந்தது. அதைவிட முக்கியம், அப்படிப் பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, ஆயுளும் குறைந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளின்படி, மார்பகப் புற்றுநோய் நோயாளிகளில் 15 முதல் 20 சதவீதம் பேர் இந்த வகை.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பிரியும் எல்லா செல்களையும் தாக்கும். புற்றுநோய் செல்லும் சாகும், முடியின் வேர் செல்லும் சாகும். முடி கொட்டுவது, வாந்தி, வாய்ப்புண் எல்லாம் வருவது அதனால்தான்.

ஹெர்-2 விஷயத்தில் ஒரு வசதி இருந்தது. அந்த ஆன்டெனா செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் செல்லுக்குள் நுழையாமலேயே அதைப் பிடித்துவிடலாம். அதற்கு ஏற்ற கருவி ஆன்டிபாடி. ஜெனன்டெக்கில் மைக்கேல் ஷெப்பர்டும் சக ஆய்வாளர்களும் எலியின் நோய் எதிர்ப்பு செல்களைக் கொண்டு அப்படி ஒரு ஆன்டிபாடியை உருவாக்கினார்கள். எலி ஆன்டிபாடியை அப்படியே மனிதருக்குச் செலுத்தினால் உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்கும். அதனால் இலக்கைப் பிடிக்கும் சிறு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை மனித ஆன்டிபாடியாக மாற்றினார்கள். அதுதான் டிராஸ்டுசுமாப். விற்பனைப் பெயர் ஹெர்செப்டின்.

இது ஆன்டெனாவில் ஒட்டிக்கொண்டு சிக்னலைத் தடுக்கும். கூடவே, 'இந்த செல்லைத் தாக்கு' என்று உடலின் எதிர்ப்பு செல்களையும் அழைக்கும்.

கிட்டத்தட்ட கைவிடப்பட்ட மருந்து

இவ்வளவு தெளிவான ஆதாரம் இருந்தும் வேலை வேகமாக நடக்கவில்லை. இன்டர்ஃபெரான் புற்றுநோயை ஒழித்துவிடும் என்ற பெரிய எதிர்பார்ப்பு அப்போதுதான் பொய்த்திருந்தது. புற்றுநோய் மருந்து என்றாலே நிறுவனத்துக்குத் தயக்கம். 1988ல் உல்ரிச் வெளியேறினார். ஜெர்மனியின் மியூனிக் அருகே மார்ட்டின்ஸ்ரீடில் உள்ள மேக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

கண்டுபிடித்தவர் போய்விட்டார், பணமும் குறைவு. ஆனால் ஸ்லாமன் விடவில்லை. ரெவ்லான் நிறுவனத்தின் நன்கொடை அவரது ஆய்வகத்தை ஓடவைத்தது. நிறுவனத்துக்குள்ளும் சிலர் திட்டத்தைக் காப்பாற்றினார்கள். 1990களின் நடுவில், வேறு வழியில்லாத பெண்களுக்குப் பரிசோதனையில் இருக்கும் மருந்தையாவது கொடுங்கள் என்று அமெரிக்காவில் நோயாளிகள் அமைப்புகள் போராட்டம் நடத்தின. கடைசியில் கொஞ்சம் பேருக்குக் குலுக்கல் முறையில் மருந்து கொடுக்க ஏற்பாடானது. உயிர் காக்கும் மருந்துக்குக் குலுக்கல்!

பரிசோதனை ஜெயித்தது ஏன்?

இந்த மருந்தை எல்லா நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்திருந்தால் தோற்றிருக்கலாம். ஒரு கணக்குக்கு, 100 பேரில் 20 பேருக்குத்தான் ஹெர்-2 கோளாறு. அதில் பாதிப் பேருக்குப் பலன் என்று வைத்தாலும் 100க்கு 10 பேர்தான். 'இந்த மருந்து பெரிதாக வேலை செய்யவில்லை' என்று மூட்டை கட்டியிருப்பார்கள். அதனால் ஹெர்-2 பாசிட்டிவ் பெண்களை மட்டும் தேர்வு செய்தார்கள். முதலில் டெஸ்ட், அப்புறம் மருந்து. இன்று புற்றுநோய் சிகிச்சையில் சாதாரணமாகிவிட்ட இந்த நடைமுறைக்கு ஹெர்செப்டின் முன்னோடிகளில் ஒன்று.

நோய் பரவிய நிலையில் இருந்த 469 பெண்களிடம் நடந்த பரிசோதனையில், கீமோ மட்டும் பெற்றவர்களின் நோய் சராசரியாக 4.6 மாதங்களில் மீண்டும் தீவிரமானது. ஹெர்செப்டினும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 7.4 மாதங்கள். ஆயுள் 20.3 மாதங்களிலிருந்து 25.1 மாதங்களாகக் கூடியது. 1998 செப்டம்பரில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மரபணு கிடைத்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஐந்து மாதம்தானா என்று தோன்றலாம். உண்மையான திருப்பம் 2005ல் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு, ஆரம்ப கட்டத்திலேயே இந்த மருந்தைக் கொடுத்தபோது நோய் திரும்பும் அபாயம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது.

பக்க விளைவு இல்லையா?

இருக்கிறது. இதயத் தசைக்கும் ஹெர்-2 சிக்னல் தேவை. ஆந்த்ராசைக்ளின் வகை கீமோவுடன் சேர்த்துக் கொடுத்தபோது 27 சதவீதம் பேருக்கு இதயச் செயல்பாடு பாதிக்கப்பட்டது அந்தப் பரிசோதனையிலேயே தெரிந்தது. இப்போது அவற்றை ஒன்றாகக் கொடுப்பதை பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். சிகிச்சைக்கு முன்பும் நடுவிலும் எக்கோ டெஸ்ட் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்த வேட்டை: கட்டிக்குப் போகும் ரத்தம்

உல்ரிச் ஒரு மருந்தோடு நிற்கவில்லை. கட்டி வளர ரத்தம் வேண்டும், அதற்காகப் புதிய ரத்தக் குழாய்களை அது வரவழைத்துக்கொள்ளும். அந்தக் குழாய்களை வளரச் செய்யும் ஏற்பியை முடக்கினால் எலிகளில் மூளைக் கட்டியின் வளர்ச்சி தடைபடுவதை 1994ல் அவரது குழு காட்டியது. இதற்கிடையில் 1991ல், ஜோசஃப் ஸ்லெஸிங்கருடன் சேர்ந்து சூஜென் என்ற நிறுவனத்தையும் தொடங்கியிருந்தார். இருவரின் பெயரிலும் உள்ள முதல் எழுத்துகள்தான் அந்தப் பெயரின் தொடக்கம்.

அங்கே உருவான சுனிடினிப் மாத்திரை, நிறுவனம் கைமாறி ஃபைசரிடம் போன பிறகு, 2006 ஜனவரியில் ஒப்புதல் பெற்றது. சிறுநீரகப் புற்றுநோய், வயிறு-குடல் பகுதியில் வரும் ஜிஸ்ட் என்ற கட்டி, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அனுமதி கிடைத்தது.

ஒரு சின்ன டிப்ஸ்: மருந்தின் பெயர் 'மாப்' என்று முடிந்தால் அது ஆன்டிபாடி, ஊசி வழியாகக் கொடுப்பார்கள். 'நிப்' என்று முடிந்தால் செல்லுக்குள் புகுந்து சிக்னலைத் தடுக்கும் சின்ன மூலக்கூறு, பெரும்பாலும் மாத்திரை.

2010ல் உல்ஃப் பரிசு உல்ரிச்சுக்குக் கிடைத்தது. 2019ல் ஸ்லாமன், ஷெப்பர்டுடன் சேர்ந்து லாஸ்கர் விருதும் பெற்றார்.

இந்தியாவில் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. பிரச்சினை விலைதான். உயிருள்ள செல்களில் வளர்த்து எடுக்கும் மருந்து என்பதால் பாராசிட்டமால் போல ஜெனரிக் தயாரித்துவிட முடியாது. ஆனால் அதற்கு மிக நெருக்கமான 'பயோசிமிலர்' தயாரிக்கலாம். ரோச் நிறுவனம் 2013ல் இந்தியாவில் ஹெர்செப்டின் காப்புரிமையைத் தொடர்வதைக் கைவிட்டது. 2014 தொடக்கத்தில் பெங்களூருவின் பயோகான் நிறுவனம் தனது பயோசிமிலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மைலான் நிறுவனத்துடன் சேர்ந்து பயோகான் உருவாக்கிய மருந்துக்கு 2017ல் அமெரிக்காவே ஒப்புதல் கொடுத்தது. 2015ல் உலக சுகாதார நிறுவனம் டிராஸ்டுசுமாபை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது.

இதே ஆன்டிபாடியின் முதுகில் கீமோ மருந்தை ஏற்றி நேராகக் கட்டிக்கே அனுப்பும் புதிய மருந்தும் வந்துவிட்டது. டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற அந்த மருந்துக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் மத்திய அரசு சுங்க வரி விலக்கு அளித்தது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது என்ன?

* ஹெர்-2 அறிக்கையில் 0, 1+, 2+, 3+ என்று குறிப்பிட்டிருப்பார்கள். 3+ என்றால் பாசிட்டிவ்.

* 0, 1+ வந்தால் வழக்கமான ஹெர்-2 மருந்துகள் பலன் தராது. ஆனால் நோய் பரவிய நிலையில் இருக்கும் 1+ நோயாளிகளில் சிலருக்கு மேலே சொன்ன புதிய மருந்து உதவலாம் என்பதால் அறிக்கையைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

* ஆரம்ப கட்ட நோயாளிகளுக்கு இந்த சிகிச்சை பொதுவாக ஓராண்டு நடக்கும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தக் கூடாது.

* 2+ என்று வந்தால் முடிவு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். ஃபிஷ் போன்ற மரபணு பரிசோதனை செய்தால்தான் உறுதியாகும். செலவை நினைத்து அந்த ஒரு டெஸ்டைத் தவிர்த்தால், பலன் தரக்கூடிய மருந்து இருந்தும் அது கிடைக்காமலே போய்விடலாம்.