டீசல் டைமிங்: 2 டிகிரி முன்னாடி போனா என்ன ஆகும்?

பெட்ரோல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் பொறி விட்டாதான் எரிபொருள் பத்திக்கும். டீசல்ல பொறியே கிடையாது. பிஸ்டன் அழுத்தி அழுத்திச் சூடாக்கின காத்துக்குள்ள டீசலைப் பீய்ச்சினா, அது தானா பத்திக்கும். அதனால எந்த நேரத்துல பீய்ச்சறோம்ங்கறது ரொம்ப முக்கியம். அதுதான் இன்ஜெக்‌ஷன் டைமிங்.

இதுக்கு நல்ல உதாரணம், 1994 முதல் 1998 வரை அமெரிக்காவில் விற்ற டாட்ஜ் ராம் டீசல் பிக்கப். 5.9 லிட்டர், 6 சிலிண்டர் கம்மின்ஸ் இன்ஜின். பாஷ் பி7100 பம்ப். டைமிங்கை மாத்த கம்ப்யூட்டர் கிடையாது. பம்ப்பை எந்த டிகிரியில பொருத்தறோமோ, எல்லா வேகத்துக்கும் அதே டிகிரிதான்.

சிக்கலே இங்கதான். பிஸ்டன் உச்சிக்கு வர 12 டிகிரி இருக்கும்போது பீய்ச்சறதா வச்சுக்குவோம். 800 ஆர்பிஎம்ல அந்த 12 டிகிரியைக் கடக்க 2.5 மில்லிசெகண்ட் ஆகும். 2000 ஆர்பிஎம்ல வெறும் 1 மில்லிசெகண்ட். ஆனா டீசல் காத்தோட கலந்து பத்திக்கறதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். வேகம் கூடக் கூட, எரியறது பின்தங்கிப் போகுது. பிஸ்டன் ரொம்ப தூரம் இறங்கின பிறகும் எரிஞ்சிட்டே இருந்தா, அந்தச் சூட்டுல பெரும்பகுதி பிஸ்டனைத் தள்ளாம புகைக்குழாய் வழியா வெளியே போயிடும்.

அதனாலதான் சிலர் டைமிங்கை ரெண்டு மூணு டிகிரி அட்வான்ஸ் பண்றாங்க. ஹைவேல இன்ஜின் சுறுசுறுப்பாகும், புகைக்குழாய்ச் சூடு குறையும், மைலேஜும் கொஞ்சம் ஏறலாம்.

அப்போ இன்னும் அஞ்சு டிகிரி ஏத்திட்டா? அங்கதான் நிறுத்தணும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிட்டிருக்கும்போதே தீ பெருசாச்சுன்னா, ரெண்டும் எதிரெதிரா மோதும். சிலிண்டருக்குள்ள அழுத்தம் எகிறும். ஹெட் கேஸ்கெட்தான் முதல்ல அடி வாங்கும். குறைஞ்ச ஆர்பிஎம்ல பாரம் இழுக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம். குளிர்ல ஸ்டார்ட் ஆகவும் முரண்டு பிடிக்கும், ஏன்னா டீசல் உள்ளே போகும்போது காத்து இன்னும் போதுமான அளவு சூடாகியிருக்காது. ஐடிலிங்ல டக் டக்னு சத்தமும் கூடும்.

டைமிங் மாத்தறவங்க சறுக்கற இடம் ஒண்ணு உண்டு. இந்தப் பம்ப்போட கியர், கூம்பு வடிவ ஷாஃப்ட்ல வெறும் பிடிமானத்துலதான் நிக்குது. அதைக் கெட்டியாப் பிடிச்சு வைக்கறது ஒரு நட். ஷாஃப்ட்லயோ கியர்லயோ எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா கியர் வழுக்கி, டைமிங் தானா நகர்ந்துடும். ரெண்டையும் சுத்தமாத் துடைச்சு, சொன்ன அளவுக்கு முறுக்கணும். முடிச்ச பிறகு டயல் கேஜ் வச்சு அளந்து பார்க்கணும். கண்மதிப்புல விடக்கூடாது.

இன்னொரு விஷயம், காத்து. சீக்கிரம் எரிஞ்சா உள்ளே வெப்பம் கூடும், நைட்ரஜன் ஆக்ஸைடும் கூடும். கம்பெனிகள் டைமிங்கைத் தாமதமா வச்சதுக்கு அந்தப் புகைக் கட்டுப்பாடும் ஒரு காரணம். எமிஷன் அமைப்புல கை வைக்கறதை அமெரிக்காவோட கிளீன் ஏர் ஆக்ட் தடை செய்யுது. அதையும் கணக்குல எடுத்துக்கணும்.

ஆக, தினமும் ஆபீஸ் போய் வர்ற வண்டிக்கு பந்தய வண்டியோட டைமிங் தேவையில்லை. எவ்வளவு வேணும்ங்கறதைத் தீர்மானிக்கறது அந்த வண்டி பெரும்பாலும் ஓடற ஆர்பிஎம்மும், அது இழுக்கற பாரமும்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.